பழனியம்மாவின் பதில் முழுசாகத்தான் போனது

நம் கம்பெனிக் கேண்டீனுக்குப் பின்னால் ஒரு பழைய சாட்டிலைட் டிஷ் கவிழ்ந்து கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். போன வாரம் நான் புது இன்ஜினியர்களான உங்களிடம் பேச வந்தபோது அதன்மேல் மழை விழுந்தது. முதலில் துளி துளியாக, ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு விழுவதுபோல. பிறகு பெயர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெறும் இரைச்சலாயிற்று. நீங்கள் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு டீயைக் குடித்தீர்கள். நான் பாதி டீயில் எழுந்துவிட்டேன். விருப்ப ஓய்வு வாங்கி இத்தனை நாளாகியும், தகட்டில் மழை விழும் சத்தம் கேட்டால் என் கண் லைன் செத்ததைக் காட்டும் சிவப்பு விளக்கைத் தேடுகிறது.

அன்று சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறு எதையோ பேசிவிட்டுப் போனேன். பிழைதிருத்தும் குறியீடு பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதையே நானும் சொன்னேன். அனுப்பும் செய்தியோடு கொஞ்சம் உபரியையும் சேர்த்து அனுப்பு. வழியில் சிலது கெட்டுப்போனாலும் உபரியை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் சரிதான். ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டியது கொல்லிமலையில் ஒரு டெலிபோன் பூத்தில் நடந்த கதை. அதை எழுதிவிடுகிறேன். பேச வந்தால் மறுபடி வேறு எதற்காவது தாவிவிடுவேன். எழுத்தில் அப்படித் தப்ப முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திண்ணனூர் நாட்டுக்குக் கம்பி வழியாகப் போன் கொண்டுபோகப் பார்த்துத் தொலைபேசி இலாகா அலுத்துப்போயிருந்தது. கம்பத்தைக் காற்று சாய்க்கும், கம்பியை மரம் விழுந்து அறுக்கும். அதனால் சாட்டிலைட். எங்கள் கம்பெனி அதற்கு மோடம் செய்து கொடுத்தது. ஒற்றை அறைக் கட்டடம், வெளியே ஒரு சின்ன டிஷ். நமக்கு அந்த சாட்டிலைட் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் டிஷ் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை உண்டு. பக்கத்துப் பலாமரத்தின் இலை ஒன்று அதில் அடைத்துக்கொண்டால் போதும், டிஷ் குளமாகி ஊர் ஊமையாகிவிடும். அந்த இலைகளை நான் பொறுக்கிய அளவுக்கு என் பிள்ளைகளின் பொம்மைகளைக்கூடப் பொறுக்கியதில்லை.

கட்டடத்தின் முன்பக்கத்தைக் கண்ணாடித் தடுப்புப் போட்டு பூத் ஆக்கியிருந்தார்கள். பூத்தை நடத்தியவர் பழனியம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்பார், கோபம் வந்தால் மட்டும் சாமி என்பார். பூத்தைத் தவிர ஊரில் போன் இருந்த இடங்களில் முக்கியமானது நர்ஸம்மாவின் துணை சுகாதார நிலையம். கீழேயிருந்து ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்றாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றாலும் அந்த ஒரு லைன்தான்.

பழனியம்மா ஏன் பூத் வேலைக்கு வந்தார் என்பதை ஊரே அறியும். அவருக்கு ஒரே தம்பி, வெள்ளையன். போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர்வெல் லாரிகள் தேசம் முழுக்கச் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். வெள்ளையன் அப்படி வடக்கே போய்விட்டார். அம்மா இறந்தபோது ஆளைப் பிடிக்க வழியில்லை. தகவல் லாரி லாரியாகக் கைமாறி அவரிடம் சேர்ந்து, அவர் மலையேறி வந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. துக்கத்தில் பழனியம்மா சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார், இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே என்று. தம்பி வந்த பையோடு திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஊருக்குப் போன் வந்தது. பூத்துக்கு ஆள் கேட்டார்கள். முதலில் போய் நின்றவர் பழனியம்மா. மலையிலிருந்து எந்தப் பையன் லாரிக்குப் போனாலும் பீடிக்கட்டுக் காகிதத்தில் பூத் நம்பரை எழுதிக் கையில் திணிப்பார். வெள்ளையனை எங்கே கண்டாலும் கொடு, ஒரு தடவை கூப்பிடச் சொல்லு. அவ்வளவுதான் செய்தி.

முதல் மழைக்காலத்திலேயே எங்கள் மானம் கப்பலேறியது. மேகம் இறங்கி வந்து டிஷ்மேல் உட்காரும். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போகும். மிளகு விலை கேட்டவனுக்குப் பாதி விலைதான் கேட்கும். நர்ஸம்மா ரிசீவரை வைத்துக்கொண்டு அலோ அலோ என்று கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும்.

எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு அம்மா. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், மேடம் என்றே வைத்துக்கொள்வோம். நாமக்கல்காரர். எந்த மீட்டரையும் பார்ப்பதற்கு முன்னால் ரிசீவரைக் காதில் வைத்து ஒரு நிமிஷம் சும்மா கேட்பார். அவர்தான் முடிவெடுத்தார். ஏற்கெனவே இருந்த பிழைதிருத்தும் குறியீட்டுக்கு வெளியே இன்னொரு குறியீட்டைச் சுற்றுவது, அனுப்பும் எல்லாவற்றையும் ஆழமாகக் கலைத்து அடுக்கி அனுப்புவது. கலைத்து அடுக்குவது எதற்கு என்று நான் விழித்தபோது, கீழே ரோட்டில் போன முட்டை லாரியைக் காட்டினார். ஒரு கடையின் முட்டையை எல்லாம் ஒரே அட்டையில் வைத்தால், அந்த அட்டை நசுங்கினால் அந்தக் கடைக்கு ஒன்றுமில்லை. எல்லாக் கடைகளின் முட்டையையும் எல்லா அட்டைகளிலும் கலந்து வை. எந்த அட்டை நசுங்கினாலும் ஒரு கடைக்கு ஒன்றிரண்டுதான் போகும். உபரியாகக் கொஞ்சம் வைத்திருந்தால் அதையும் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

"ஆனா ஒண்ணு," என்றார் மேடம், "லாரி முழுக்க எறக்குன பொறகுதான் யாருக்கும் முட்டை."

அந்த ஒன்றுதான் இந்தக் கதை.

சாட்டிலைட் வழிப் பேச்சுக்கு ஏற்கெனவே தாமதம் உண்டு, மேலே போய்க் கீழே வர வேண்டுமே. அதோடு இந்தக் கலைத்தலும் அடுக்கலும் சேர்ந்தது. நீங்கள் பேசியது எதிராளிக்கு அரை விநாடி கழித்துச் சேரும். அவர் உடனே பதில் சொன்னாலும் உங்களுக்கு ஒரு விநாடிக்கு மேல் மௌனம். ஒரு விநாடிதானே என்பீர்கள். பிரியமான ஒருவரிடம் ஒன்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு விநாடி நின்று பாருங்கள். அதற்குள் ஒரு மனுஷன் முழுசாக இடிந்து விழுந்து எழுந்துவிடலாம்.

இது பேச்சுக்கு ஆகாது என்று மேடத்துக்குத் தெரியும். தலைமையகத்திலும் அதையே சொன்னார்கள். ஆனால் பேச்சே போய்ச் சேராத இடத்தில் தாமதமாகச் சேர்வது பரவாயில்லை என்று அவர் முடிவெடுத்தார். அந்தப் புது மோடம் பெட்டியைப் போட்ட நாளிலிருந்து லைன் சாகவில்லை. மேகம் வந்தது, இடி வந்தது, டிஷ்ஷில் இலை அடைத்தது. மோடத்தில் திருத்தப்படாத பிழை என்ற எண் பூஜ்யத்திலேயே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழனியம்மாவிடம் அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, இந்தப் பெட்டி ஒரு எழுத்தைக்கூட வழியில் விடாது என்று சொல்லியிருக்கிறேன். அவரும் பச்சையாக ஒளிர்ந்த அந்த எண்ணைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பெட்டி வேலை செய்தது. மனுஷர்கள்தான் இடித்துக்கொண்டார்கள். மாமனார் ஒன்று கேட்பார். பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்பார். அதற்குள் மருமகனின் பதில் வந்து இவர் கேள்விமேல் மோதும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் ஒரே சமயத்தில் மறுபடி ஆரம்பிப்பார்கள். இதில் ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை அமுக்கும் எதிரொலித் தடுப்பு வேறு. ஒரு சம்பந்தமே முறிந்துபோகப் பார்த்தது. மேடம் மூன்று நாள் பூத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒரு விதி போட்டார். பேசி முடித்ததும் "சொல்லிப்போட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழும்வரை எதிராளி வாயைத் திறக்கக் கூடாது.

விதியை அமல்படுத்தியவர் பழனியம்மா. யாராவது இடையில் பேசினால் கண்ணாடியைத் தட்டுவார். நாமக்கல் மிளகு மண்டிக்காரர்கள், கீழே ஆஸ்பத்திரி டாக்டர், அடிக்கடி பேசுகிற எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். விதி பூத்தை விட்டு வெளியேயும் போயிற்று. சந்தையில் பேரம் பேசுகிறவர்கள், நான் சொல்லிப்போட்டேன், இப்ப நீ சொல்லு என்றார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை முன்னைவிட ஒழுங்காக நடப்பதாக நர்ஸம்மா சிரித்தார். திருப்புலி நாட்டில் ஒரு பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் பேசி முடித்துச் "சொல்லிப்போட்டேன்" என்று உட்கார்ந்தபோது கூட்டமே கைதட்டியதாம்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் மலைரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து பஸ் நின்றுபோயிற்று. பராமரிப்புக்கு வந்த நான் மேலே மாட்டிக்கொண்டேன். நர்ஸம்மாவிடம் ஒரு பெண் பிரசவ வலியோடு வந்திருந்தாள், குழந்தை திரும்பியிருந்தது. கீழே கொண்டுபோக வழியில்லை. டாக்டர் ஆஸ்பத்திரியில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நர்ஸம்மா செய்துகொண்டிருந்தார். நான் டெஸ்ட் போனை ஒவ்வொரு லைனிலும் மாட்டிக் குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கள் வேலை. கேட்டதை மறந்துவிடுவதும் அந்த வேலையில் சேர்த்தி. மதியம் பூத் லைனை மாட்டியபோது மணி அடித்தது. நான் கழற்றுவதற்குள் பழனியம்மா எடுத்துவிட்டார்.

"அக்கா. நாந்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழனியம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. காத்திருந்தார். வெள்ளையனுக்கு எங்கள் விதி தெரியாது. அவர் இந்த லைனில் ஒரு தடவையும் பேசியதில்லை.

"நா ஊருக்கு வாரேன்னு இருக்கேன். வந்தாக்கா ஊட்டுக்குள்ள வுடுவியா?"

பழனியம்மாவின் உதடு அசைந்தது. மறுபடி மூடிக்கொண்டது. ஊர் முழுக்கக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா. தம்பி பேச்சை வெட்டிவிடக் கூடாது, அவன் முடிக்கட்டும், இன்னும் சொல்ல வேண்டியது இருக்கும், அந்த வார்த்தை வரட்டும் என்று நின்றார். அங்கே எங்கோ ஓர் ஊரில் ஒரு மனுஷன் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அறைக்குள்ளிருந்து கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். பேசுங்க என்று கையைக் காட்டினேன்.

"வா சாமி. இதக் கேக்கோணுமா? உன்ற ஊடு."

அந்த "வா சாமி" அவர் வாயை விட்டு வந்ததுமே ரிசீவரை வைக்கும் டொக் சத்தம் கேட்டது, மீதியை அதன்மேலேயே சொல்லி முடித்தார். பிறகு வெறும் லைன்.

பழனியம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் காதுக்கு நடந்த வரிசை இது: தம்பி கேட்டான், நான் சொன்னேன், கேட்டுவிட்டு வைத்தான். நான் மட்டும் விநாடிகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்த டொக் எங்களுக்கு வந்து சேர்வதற்கு அரை விநாடிக்கு முன்னால் அங்கே நடந்தது. பழனியம்மாவின் முதல் வார்த்தை அங்கே போய்ச் சேரவும் அரை விநாடி வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், "வா" என்ற சொல் இறங்கியபோது அந்த ரிசீவர் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வானத்துக்குப் போய், பூமிக்கு வந்து, எல்லா உபரியும் சரிபார்க்கப்பட்டு, ஒரு பிசகும் இல்லாமல் அடுக்கப்பட்டு, யாருமில்லாத இடத்துக்கு வந்து சேர்ந்த சொல்.

சர்வீஸ் லைனில் மேடத்தைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். வெள்ளையன் மறுபடி கூப்பிட்டால் இந்த மௌனம் இருக்கக் கூடாது, கலைத்தலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வெளியே மழை டிஷ்ஷை அறைந்துகொண்டிருந்தது. அடுத்த லைனில் டாக்டர் நர்ஸம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்தால் எந்த நிமிஷமும் எல்லாம் அறுந்துபோகலாம். டாக்டரின் லைன் எப்படி இருக்கிறது என்று மேடம் முதலில் கேட்டார். தெளிவாக இருக்கிறது என்றேன்.

"கை வைக்காத. பொட்டிய மாத்த முடியாது, ஆள மாத்தலாம். மறுபடி கூப்புட்டா ஒடனே பேசச் சொல்லு. இப்ப போய் அவங்ககிட்ட விசயத்தச் சொல்லு. சந்தோசத்துல இருக்கறாங்கன்னு தள்ளிப் போடாத."

இன்றைக்கு அந்த இடத்தில் நீங்கள் நின்றாலும் அதையேதான் செய்ய வேண்டும். குழந்தை சாயங்காலம் பிறந்தது. தாயும் பிழைத்தாள். நடுவில் ஒரு தடவை லைன் அறுந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸம்மா பிறகு சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். சரியான முடிவு. சரியான முடிவும் வருத்தமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்று நினைக்கிற வயது உங்களுடையது. இருக்கும். ஒரே பாயில் படுத்துக்கொள்ளும்.

பழனியம்மா அதற்குள் பூத்தைப் பூட்டத் தயாராகிவிட்டார். தம்பியின் கட்டில்மேல் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டி வைத்திருக்கிறாராம், அள்ள வேண்டுமாம். நான் வழியை மறித்து நின்று சொன்னேன். நீங்க பேச ஆரம்பிச்சது அவருக்குக் கேக்கலைங்க, அதுக்கு முன்னாலயே அவரு வெச்சுட்டாருங்க, வெச்ச சத்தந்தான் நமக்கு லேட்டா வந்துச்சுங்க. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ற வார்த்த போச்சுங்களா, இல்லீங்களா?"

"போச்சுங்க."

"முழுசாப் போச்சுங்களா?"

நான் மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பூஜ்யம்.

"முழுசாத்தானுங்க போச்சு."

"அப்பறம் என்னங்க? நீங்கதான சொன்னீங்க, ஒரு எழுத்தக்கூட வழில வுடாதுன்னு. அவன் எப்பவும் அப்பிடித்தானுங்க சார், ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். கேட்டுட்டுத்தான் வெச்சான்."

தாளில் கோடு போட்டு விளக்கினேன். இங்கே கிளம்புகிறது, அங்கே இறங்குகிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்க மழைல நனைஞ்சு போயிருக்கறீங்க, போய்த் தலையத் தொவட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பியது என்னைத்தான், என் பழைய பேச்சை. புதிய பேச்சால் அதைத் திருத்த முடியவில்லை.

ரோடு திறந்தது. பஸ் வந்தது. பழனியம்மா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பூத்தை விட்டு வெளியே வந்து நின்றார். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல். பிறகு உள்ளேயிருந்தே கழுத்தை நீட்டி. போன் மணி அடித்தால் எடுத்த எடுப்பிலேயே, வா சாமி என்று ஆரம்பித்து, மறுமுனையில் மிளகு மண்டிக்காரர் திகைத்ததும் உண்டு.

மேடம் சும்மா இருக்கவில்லை. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் தெரிந்தவரைப் பிடித்து, அன்று மதியம் வந்த கால் எங்கிருந்து வந்தது என்று தேடினார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூரின் பூத். கூப்பிட்டோம். இந்திக்காரர் ஒருவர் எடுத்தார். மேடத்தின் இந்தியும் எங்கள் லைனின் தாமதமும் சேர்ந்து அவரைப் படாதபாடு படுத்தின. ஆமாம், மதராசி லாரி ஒன்று நின்றிருந்தது, போய்விட்டது. திரும்ப வந்தால், அக்கா வரச் சொன்னாள் என்று சொல்வீர்களா என்று மேடம் கேட்டார். சொல்கிறேன் என்றார் அந்த நல்ல மனுஷன். லாரி அந்தப் பக்கம் திரும்ப வந்ததோ என்னவோ.

அதற்குப் பிறகு மேடம் வடிவமைத்த எந்த மோடத்திலும் பேச்சுக்குத் தனி வழி வைத்தார். தரவுக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் கலைத்துக்கொள், பேச்சை அதில் போடாதே. செலவு கூடுகிறது என்று கூட்டங்களில் சத்தம் போட்டார்கள். அவர் காரணத்தை விளக்கியதில்லை. எனக்கு எப்போது போன் செய்தாலும் கடைசியில், வந்தானா என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். உங்கள் வரைபடங்களில் இன்றும் அந்தத் தனி வழி இருக்கிறது. எதற்கு என்று தெரியாமல் அதை நீக்கச் சொல்லி ஒருவர் போன மாதம் கடிதம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் அந்தப் பிழையைப் பல நாள் தேடிப் பார்த்தேன். மோடத்தில் இல்லை. மழையில் இல்லை. விதியில் இல்லை, அது எத்தனையோ வீடுகளின் பேச்சைக் காப்பாற்றிய விதி. ஒரே ஒரு விஷயம்தான் கிடைத்தது. விதியை லைனின் இந்த முனைக்கும், அந்த முனையில் எங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் சொல்லியிருந்தோம். தெரியாத ஒருவர் எப்போதோ ஒரு தடவை கூப்பிடுவார் என்பதை எந்தக் குறியீடும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒருவருக்காகத்தான் அங்கே ஒரு பெண் வேலைக்கே வந்திருந்தாள்.

சில வருஷம் போயிற்று. மலைக்கு மண்ணுக்கடியில் கேபிள் ஏறியது. சாட்டிலைட் பெட்டிகளைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஆடி மாதம், மலையில் திருவிழாக் கூட்டம். பூத்துக்குள் பழனியம்மா இருந்தார், காதோரம் நரைத்திருந்தது. வெளியே பெஞ்சில் ஒருவர், பக்கத்தில் சேலையைத் தலையில் போட்ட ஒரு பெண், ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளை இந்தியில் எதையோ கேட்டது. பழனியம்மாவுக்குப் புரியவில்லை. தண்ணி கேக்குதுக்கா என்றார் அந்த மனுஷன். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அன்று டெஸ்ட் போனில் நாலே வாக்கியம் கேட்ட குரல்.

வெள்ளையன் வடக்கேயே வீடு கட்டிக்கொண்டு, அங்கேயே பெண் எடுத்து, தங்கிவிட்டார். தேவனூர் நாட்டு ஆள் ஒருவர் வற்புறுத்தியதால் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். வந்து மூன்று நாள். அன்று மதியம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அக்காவும் தம்பியும் புதுச் சம்பந்திகள்போலப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

நான் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பழனியம்மா உள்ளே வந்தார். அன்னிக்கு நீங்க சொன்னது நெசந்தானுங்க சார் என்றார். ரொம்ப நாள் கழித்துப் புரிந்ததாம். தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இப்ப நாஞ் சொன்னா, இப்பச் சொல்ற வார்த்தையாத்தான இருக்கும்? நீங்க கேட்டீங்கல்ல. நீங்க சொல்லுங்க."

கேட்டதை மறந்துவிட வேண்டிய வேலையில் நான் மறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான். வெள்ளையனை உள்ளே கூப்பிட்டுக் கழற்றிய பெட்டியின்மேல் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மழை, பிரசவம், அந்த விதி, அரை விநாடி. கடைசியில் அவர் அக்கா சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அன்று பையை எடுத்துக்கொண்டுதான் அந்த ஊர் பூத்துக்குப் போனாராம். ரிசீவரை வைத்துவிட்டுப் பையைத் திரும்ப லாரியில் போட்டாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒடனே சொன்னாளுங்களா, யோசிச்சுச் சொன்னாளுங்களா?"

என் வேலை வாழ்க்கையில் இதைவிடக் கடினமான கேள்வியை எந்த ஆய்வுக் குழுவும் என்னிடம் கேட்டதில்லை.

"யோசிக்கலைங்க," என்றேன். "நீங்க பேசி முடிக்கட்டும்னு காத்துட்டு இருந்தாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். பஸ் ஏற்கெனவே வந்து இரைந்துகொண்டிருந்தது. மனைவியும் பிள்ளையும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளையன் அக்காவின் முன்னால் போய் நின்றார். பழனியம்மாதான் கேட்டார், அங்கே போன் இருக்கிறதா என்று. பக்கத்து வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டால் சொல்வார்கள் என்று தம்பி நம்பரைச் சொன்னார். பழனியம்மா ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னார். கண்டக்டர் விசில் ஊதினார். வெள்ளையன் படியில் கால் வைத்தார்.

"நா இன்னொருக்கா கேட்டிருக்கோணும்க்கா," என்றார்.

பஸ் நகர்ந்தது. பழனியம்மா அதோடு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"இனிமே நீ ஒண்ணுங் கேக்க வேண்டாஞ் சாமி. நானே கூப்புடறேன்."